வீடு நிறையும் ஆடியில் மனம் நிலைக்க

பண்டிகைக் காலம் என்றால் மற்ற ஊர்களில் தீபாவளியையும் பொங்கலையும் சொல்வார்கள். சேலத்துக்காரர்களைக் கேட்டால் ஆடி என்பார்கள். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடு வரைக்கும் எங்கள் ஊர் வேறு ஊராகிவிடும். முதல் நாள் தேங்காய் சுடுவதில் ஆரம்பிக்கிற மாதம் அது. வெள்ளிக்கிழமைக் கூழ், அமாவாசை, பதினெட்டாம் பெருக்கு, ஆடிப்பூரம் என்று ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வரும். நடுவில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், அப்புறம் அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, அன்னதானப்பட்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வேப்பிலைத் தோரணமும் பம்பைச் சத்தமும்தான். பொங்கலும் மாவிளக்கும் வைக்கிற வாரத்தில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள்.

நான் குகைக்கு மருமகளாக வந்தவள். தெய்வ வேடம் பூண்டவர்களை அலங்கார வண்டிகளில் நிறுத்தி ஊர்வலமாகக் கொண்டுவருகிற வண்டி வேடிக்கை போகும் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. இதற்கு என்ன பொருள் என்று உள்ளூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓசூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நாத்தனார்கள் குடும்பத்தோடு வருவார்கள். அவர்களுடைய சம்பந்தி வீட்டார் வருவார்கள். என் கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஆவணியில் வரிசையாக முகூர்த்தங்கள் வருவதால் ஆடியில்தான் அவருக்கு ஆர்டர் நெருக்கும். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். திருவிழா புதன்கிழமையைத் தவிர எனக்கு எல்லா நாளும் வேலை நாள். மாமாவுக்கு ரத்த அழுத்தம். அத்தைக்கு முட்டி வலி. இப்படிப்பட்ட வீட்டில் ஆடியைக் கடந்து வருகிற ஒருத்தி, மனத்தைக் கலையாமல் வைத்துக்கொள்ளக் கற்றதை எழுதுகிறேன். என்னைப்போல் வீடு நிறைய விருந்தினரை வைத்துக்கொண்டு பண்டிகை செய்கிற பெண்களுக்கு இது உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பண்டிகையில் ஆளை அடித்துப்போடுவது வேலையின் அளவு என்று நான் நம்பவில்லை. இருபது பேருக்குச் சமைத்த நாளில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். நான்கு பேருக்குத் தோசை வார்த்த நாளில் விடிய விடிய விழித்திருக்கிறேன். கை அரிசி களைந்துகொண்டிருக்கும்போது மனம் வாசலில் வந்து நின்ற ஆட்டோவில் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கப் போய்விடுகிறது. வந்தவரை வரவேற்று உட்கார வைக்கும்போது அது அடுப்பில் இருக்கும் பாலுக்குத் திரும்பிவிடுகிறது. இப்படி நாள் முழுக்க, உடம்பு இருக்கும் இடத்தில் மனம் இல்லை, மனம் இருக்கும் இடத்தில் உடம்பு இல்லை. இந்த ஓட்டம்தான் களைப்பு. இதைக் கண்டுகொண்ட பிறகு நான் வேலையைக் குறைக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு, மனத்தைக் கை இருக்கும் இடத்துக்கு அழைத்து வரப் பழகினேன்.

பழகுவதற்கு ஆடி முதல் நாளைவிட நல்ல நாள் கிடையாது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கத்தில் அன்று தேங்காய் சுடுவோம். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதன் நினைவாகச் சுடுகிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் செய்முறையைச் சொல்கிறேன். மட்டை உரித்த தேங்காயின் ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாரை, சொரசொரப்பான தரையில் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். ஓடு கையில் வழுக்குகிற பதம் வரவேண்டும். பிறகு ஒரு கண்ணைத் துளைத்து இளநீரை வடித்துக்கொண்டு, வறுத்த பச்சைப் பயறு, எள், பொட்டுக்கடலை, அவல், இடித்த வெல்லம் எல்லாவற்றையும் அந்தச் சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். வடித்த நீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சில் குச்சியை அந்தக் கண்ணில் இறுக்கிச் செருகி, மஞ்சள் பூசி, வாசலில் மூட்டிய தீயில் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும்.

இதில் எந்தக் கட்டத்திலும் அவசரம் செல்லாது. நார் தேய்ப்பதற்கே பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடும். துளையில் பயற்றை மொத்தமாகக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். தீயை எரியவிட்டால் உள்ளே வேகும் முன் குச்சி கருகிவிடும். ஓட்டில் மெல்லிய விரிசல் விட்டு, அதன் வழியே வெல்லமும் எள்ளும் வேகிற வாசனை வந்தால்தான் ஆயிற்று. அந்த வாசனைக்காக மூக்கைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் என் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு தேங்காயைத் தேய்க்கிறேன். அலுவலகத்திலிருந்து வந்து புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவேன். அடுப்படியில் ஆயிரம் வேலை இருக்கும். அவை இருக்கட்டும். வரப்போகிற மாதத்துக்கு அதுதான் எனக்கு ஒத்திகை.

எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் நானும் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1979-இல் ஜான் கபாட்-ஸின் என்பவர், நாள்பட்ட வலியால் துன்பப்பட்டவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார் என்று சொன்னார்கள். அதில் ஆரம்பத்திலேயே ஒரே ஓர் உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, அதைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, நிதானமாக மெல்லச் சொல்வார்களாம். மனத்தை ஒன்றில் நிறுத்தும் பயிற்சி. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சுட்ட தேங்காய்ச் சில்லுதான் நினைவுக்கு வந்தது. ஓரம் கருகி, நடுவில் பால் இனிப்பாக, பல்லிடுக்கில் எள் நொறுங்க, புகை மணத்தோடு இருக்கும் அதை யாரும் அவசரமாக விழுங்குவதில்லை. நம் பண்டிகைகளில் இப்படி எத்தனையோ வேலைகள் உள்ளன. மாவிளக்குக்குப் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் மிச்சமிருக்கும்போதே இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைவது அப்படி ஒன்று. கையில் பிடித்தால் கெட்டியாக நிற்க வேண்டும், விரலால் தள்ளினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தை விரல்தான் கண்டுபிடிக்கும். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மற்ற வேலைகளை விட்டுக்கொடுப்பேன்.

விட்டுக்கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உதவிக்கு ஆள் இல்லாத வீடு குறைவு. வேலையைக் கொடுத்துவிட்டு அதன் கவலையைத் தானே வைத்துக்கொள்கிற பெண்கள்தான் அதிகம். "தண்ணீர் பிடித்தாயா, மூடி வைத்தாயா" என்று பின்னாலேயே போனால், அந்த வேலை நம் தலையைவிட்டு இறங்கவே இல்லை என்று பொருள். எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பொறுப்பு பெரிய நாத்தனாரின் கணவருடையது. மேட்டூரிலிருந்து வருகிற மாநகராட்சித் தண்ணீர் எங்கள் தெருவுக்குத் தினமும் வராது. விருந்தினர் இருக்கும்போது தொட்டி நிரம்பியதா, குடத்தில் இருக்கிறதா என்பது பெரிய கவலை. நான் அவரிடம், "அண்ணா, இந்த வாரம் தண்ணீரைப் பற்றி நான் நினைக்கவே மாட்டேன், எல்லாம் உங்கள் பாடு" என்று சொல்லிவிட்டேன். அவர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு குடங்களை வரிசை கட்டுவார். ஒரு நாள் குளிக்கத் தண்ணீர் குறைந்துவிட்டால் அவரே லாரிக்குச் சொல்லுவார். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலையை முழுதாகக் கொடுங்கள், தப்பாகப் போகிற உரிமையோடு சேர்த்து.

மறுப்பது இதைவிடக் கடினம். நம் பக்கத்தில் வந்தவரிடம் 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. சொல்லக் கூடாது என்றுதான் வளர்க்கிறார்கள். ஆனால் பண்டிகைக்கு முன்பே, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, நாம் செய்யப்போவதைச் சொல்லிவிட்டால் அது மறுப்பாகாது. ஆடி பிறப்பதற்கு முன் நாத்தனார்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்: காலையில் இட்லி, மதியம் முழுச் சாப்பாடு, இரவுக்கு வீட்டில் அடுப்பு எரியாது. முதல் தடவை சின்ன நாத்தனார், "அண்ணி, அம்மா ஒத்துக்கொள்வார்களா?" என்று தயங்கினாள். அத்தையோ, "நல்லது கண்ணு, எனக்கும் ராத்திரியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டார். இரவில் பிள்ளைகள் எப்படியும் தெருமுனைக்குத் தட்டுவடை செட் சாப்பிடத்தான் ஓடுகிறார்கள். மொறுமொறுப்பான இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்துத் தருவார்களே, அது. பெரியவர்களுக்கு மதியச் சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்தால் போதும். மாமாவுக்கு மட்டும் ஒரு கிண்ணம் ரவை உப்புமா.

பணத்தையும் இதே போல் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ஆடித் தள்ளுபடி என்று துணிக்கடைகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடிக்கு அழைத்துச் சீர் செய்ய வேண்டியிருக்கும். இவ்வளவுதான் என்று ஓர் உறையில் போட்டு வைத்துவிடுங்கள். உறை தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது சொற்கள். கூட்டுக் குடும்பத்தில் பண்டிகையைக் கசப்பாக்குவது உப்போ காரமோ அல்ல. "போன வருடம் கூழ் இன்னும் நன்றாக இருந்தது" என்பது போன்ற ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னவர் மறந்துவிடுவார். கேட்டவள் மூன்று நாள் சுமப்பாள். எனக்குக் கோபம் வருவதை நான் முதலில் காதால்தான் தெரிந்துகொள்கிறேன். பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கூடிவிடும். மனத்துக்குள் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எவர்சில்வர் தட்டு உண்மையைச் சொல்லிவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் கைவேலையை நிறுத்திவிடுவேன். உங்களுக்கு அது வேறொன்றாக இருக்கலாம். சிலருக்குத் தோள் இறுகும், சிலர் பல்லைக் கடிப்பார்கள், சிலருக்குப் பேச்சு வேகமாகும். உங்கள் அடையாளம் எது என்று ஒரு சாதாரண நாளில் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை அன்று தேட நேரம் இருக்காது.

நிறுத்திய பிறகு மூச்சு. பின்பக்கத் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்வேன். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று நிதானமாகவும் துடிக்கிறது. அது உடம்பின் இயல்பு. ஆகையால் வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக விட்டால் உடம்பே அடங்கத் தொடங்கும். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுகிறேன். கண்ணை மூட வேண்டியதில்லை, பாய் விரிக்க வேண்டியதில்லை, ஓர் ஐந்தாறு மூச்சுக்கு மேல் தேவையும் இல்லை. யாராவது வந்து "என்ன அண்ணி இங்கே?" என்று கேட்டால் "காற்று வாங்குகிறேன்" என்பேன். அது முழு உண்மைதான். தலைசுற்றல் வருபவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இயல்பாக மூச்சு விட்டு அதைக் கவனித்தாலே போதும்.

தூக்கத்தை யாரும் பண்டிகைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும்; அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. மாமாவுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தெருவைப் பார்க்காத பின்கட்டு அறையை ஒதுக்கிவிடுவோம். மாமாவின் மாத்திரைகள் கிழமை எழுதிய டப்பாவில் அங்கேயே இருக்கும். கூட்டத்தில் முதலில் தவறிப்போவது முதியவர்களின் மாத்திரைதான் என்பதை எல்லா வீடுகளும் நினைவில் வைக்க வேண்டும். நான் மாலைக்குப் பிறகு காபி குடிப்பதில்லை. காபியில் உள்ள காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக்கு வந்தவரோடு ஒரு காபி, ஏழுக்கு வந்தவரோடு ஒரு காபி என்று குடித்தால் நள்ளிரவில் கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். விருந்தினருக்கு ஆற்றிக்கொடுக்கும்போது எனக்குச் சுக்குத் தண்ணீரோ வெந்நீரோ கையில் வைத்துக்கொள்வேன். கையில் டம்ளர் இருந்தால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

"இரண்டு நாள் ஏற்காடு போய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆடி நடுவில் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். முப்பது கிலோமீட்டர்தானே, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளிர்ச்சி. சேர்வராயன் மலை எனக்கும் உயிர். ஆனால் விடுமுறைக் கூட்டத்தில் அடிவாரத்திலிருந்தே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஏரிக்கரையில் படகுக்கு வரிசை. பகோடா பாயிண்டில் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டிலிருந்து கிளம்பிய அதே அவசரம் நம்மோடு காரில் ஏறி வருகிறது. போவதென்றால் திருவிழா முடிந்து, ஒரு வேலை நாளில், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்துப் போங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருப்பதையும் அதன் நிழலில் காபிச் செடிகள் நிற்பதையும் அப்போதுதான் கண் பார்க்கும்.

வண்டி வேடிக்கை இரவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பதற்றம் உச்சத்துக்குப் போகிற இரவு அது. தெருவெல்லாம் தலை. குழந்தை தொலைந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறவரை எந்த அம்மனையும் கண்ணாரப் பார்க்க முடியாது. எனவே பயத்துக்கு முதலில் வேலை கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு பிள்ளையின் முன்னங்கையிலும் பேனாவால் இரண்டு தொலைபேசி எண்கள். பிரிந்துபோனால் தேடி அலையாமல் எந்தக் கடை வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று பகலிலேயே அழைத்துப்போய்க் காட்டிவிடுவோம். எந்தப் பெரியவர் கையில் எந்தப் பிள்ளை என்று வாசலிலேயே பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்வோம். நகைகள் வீட்டில். மாமாவும் அத்தையும் தெரிந்தவர் வீட்டு மாடியில். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதைப் பெரிய பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இவ்வளவும் செய்த பிறகு கவலைப்பட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. விளக்கொளியில் வண்டி நெருங்கி வரும்போது, மேலே நீல வண்ணம் பூசி அசையாமல் நிற்கிற கிருஷ்ணரின் கழுத்தில் வியர்வை ஒரு கோடாக இறங்குவது தெரியும். அத்தனை கூச்சலிலும் அந்த ஆள் இமைகூட ஆட்டாமல் நிற்பார். அவரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். படம் எடுப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு, எழுதக் கொஞ்சம் தயக்கம். என் அம்மா இருந்தவரை ஆடிக்கு ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி, ஒரு பையில் பழமும் ஒரு பையில் புடவையுமாக வருவார். அம்மா போன பிறகு, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதுதான் அந்த இல்லாமை சுருக்கென்று தைக்கிறது. யாரோ ஒரு பெண்ணின் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போது தைக்கிறது. அதைச் சிரிப்பால் மூடி மூடி வைத்தால் சாயங்காலம் தலைவலியாக வரும். ஆடி அமாவாசை அதற்கான நாள். அன்று முன்னோர்க்குப் படைத்துக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் தனியாக இருப்பேன். அழுகை வந்தால் அழுவேன். "அவளை விடுங்கள், கொஞ்சம் இருந்துவிட்டு வரட்டும்" என்று அத்தை கீழே சொல்வது கேட்கும். உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது ஒதுங்கி நின்றால், கூப்பிட்டுக் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள்.

மஞ்சள் நீராட்டு முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் நான் வீட்டை ஒழுங்குபடுத்துவதில்லை. விடுப்பு எடுத்து வைத்திருப்பேன். பாய்கள் சுருட்டாமல் கிடக்கட்டும், வாடகைப் பாத்திரம் மட்டும் கடைக்குப் போனால் போதும். அன்று செய்கிற ஒரே வேலை, எல்லாம் நினைவில் இருக்கும்போதே அடுத்த ஆடிக்கான குறிப்பை எழுதி வைப்பது. கேழ்வரகு எத்தனை கிலோ மீந்தது, எந்த வேலையை யாரிடம் கொடுத்தால் நன்றாக நடந்தது, எதை விட்டுவிட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசிக் கேள்விதான் முக்கியம். இந்த ஆண்டு அதன் கீழே இரண்டு எழுதியிருக்கிறேன்: மதியச் சாப்பாட்டில் இரண்டாவது பொரியலும், எல்லோருக்கும் புதுத் தலையணை உறையும்.